விருந்து நாளும் 555 புத்தகமும்: கலோரிக் கணக்குப் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் திடலில் காலை நடை போகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள் பாதி, வேலைக்குப் போகும் முன் நாலு சுற்று சுற்றிவிட்டு ஓடுகிறவர்கள் பாதி. நான் இரண்டாவது பாதி; செம்பனை எண்ணெய் ஆலையில் கணக்கெழுதுகிறேன். 82 கிலோவாக இருந்தவள் பதினாறு மாதத்தில் 69க்கு வந்தேன். அன்றிலிருந்து ஆளாளுக்கு நிறுத்திக் கேட்கிறார்கள். எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: கணக்குப் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் நடுவில் ஒரு நாள் வயிறாரச் சாப்பிடலாமா, கூடாதா?

நடந்துகொண்டே பதில் சொன்னால் மூச்சு வாங்குகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. இனிப்பு நீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் 15ஆம் கேள்வியை முதலில் படித்துவிட்டு மேலே வாருங்கள்.

1. "கலோரி கலோரின்னு சொல்றீங்களே, அது என்னாதான்க்கா?"

சாப்பாட்டிலிருந்து உடம்புக்குக் கிடைக்கும் சக்தியின் அளவு. மாவுச்சத்து, சீனி, புரதம் எல்லாம் கிராமுக்கு 4 கலோரி. கொழுப்பு கிராமுக்கு 9. ஒரு கிண்ணம் சோறு ஏறக்குறைய 200 என்றால், ஒரே ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120. சோற்றைக் குறைத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு குழம்பில் மிதக்கும் எண்ணெயைக் கணக்கில் விட்டுவிடுகிறவர்களுக்குக் கணக்கு உதைப்பது இதனால்தான்.

என் அப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். அட்டையில் 555 என்று போட்ட சின்னப் புத்தகம் வீட்டுக்கு ஒன்று. அரிசி, சார்டின், மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறும், சம்பள நாளில் தீரும். நான் கலோரி எழுதுவதும் அதே 555 புத்தகத்தில்தான். ஆப்பில் எழுதுகிறவர்கள் ஆப்பிலேயே எழுதுங்கள். எதில் எழுதினாலும் சாப்பிட்ட அன்றே எழுதுங்கள். மறுநாள் எழுதினால் பாதி மறந்துபோகும். மறந்துபோனது பெரும்பாலும் பலகாரமாகத்தான் இருக்கும்.

2. "ஆப் 1,200ன்னு சொல்லுது. பசியில தலை சுத்துது. எல்லாருக்கும் அவ்வளவுதானா?"

இல்லை. உயரம், எடை, வயது, ஆணா பெண்ணா, என்ன வேலை என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். வாரத்துக்கு ஒரு கிலோ இறங்க வேண்டும் என்று ஆசையாகத் தட்டினால் ஆப்பும் இருப்பதிலேயே சின்ன எண்ணைக் கொடுத்துவிடும். எங்கள் கூட்டத்தில் ஓர் அண்ணன் செம்பனைக் குலை அறுக்கிறவர். அவரும் 1,200 வைத்துக்கொண்டு மூன்று நாள் தாங்கினார். நான்காம் நாள் மாமாக் கடையில் ஐந்து ரொட்டி சானாய். அதற்கு அவர் வைத்த பெயர் 'சீட் டே'. எனக்கு அந்தப் பெயரே பிடிக்காது, யாரை ஏமாற்றுகிறோம்? அன்று அவருக்கு நடந்தது விருந்தும் இல்லை. வெறும் பசி.

உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு வழி: இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், சாப்பிடுவதை எல்லாம் எழுதுங்கள். எடை ஏறாமல் இறங்காமல் நின்றால் அந்தத் தினச் சராசரிதான் உங்கள் உடம்பின் செலவு. அதிலிருந்து 300 முதல் 500 வரை குறையுங்கள். எனக்குச் செலவு 1,900 என்று வந்தது, 1,500 சாப்பிட்டேன். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த இரண்டு எண்ணை வைத்துத்தான். உங்கள் எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பெண்கள் டாக்டரின் கண்காணிப்பு இல்லாமல் 1,200க்குக் கீழே போக வேண்டாம். ஆண்களுக்கு அந்தக் கோடு 1,500.

3. "எங்க பாட்டி மலை மாதிரி சோறு சாப்பிட்டாங்க. ஒல்லியாத்தானே இருந்தாங்க?"

உங்கள் பாட்டி விடியுமுன் பெரட்டுக்குப் போய், நானூறு ஐந்நூறு ரப்பர் மரம் வெட்டி, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் நடந்தவர். வீடு திரும்பினால் விறகு, தண்ணீர், கொல்லை, பிள்ளைகள். அந்தச் சோறு அந்த வேலைக்குச் சரியாக இருந்தது. நான் எட்டு மணி நேரம் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பாட்டியின் வேலை எனக்கு வேண்டாம், பாட்டியின் தட்டு மட்டும் வேண்டும் என்றால் எப்படி?

இன்னொன்றும் யோசியுங்கள். அன்று ஆட்டிறைச்சி சமைத்தது சம்பள நாளில். பலகாரம் தீபாவளிக்கு. பாயசம் கோயில் திருவிழாவுக்கு. அவர்களுக்கும் விருந்து நாள் இருந்தது, ஆனால் மற்ற நாளெல்லாம் ரசமும் கருவாடும்தான். இன்று புதன்கிழமை மத்தியானமே பிரியாணி தாப்பாவ் பண்ணிக்கொண்டு வருகிறோம், அப்புறம் ஞாயிற்றுக்கிழமையை விருந்து நாள் என்கிறோம்.

4. "ஆறு நாள் கட்டுப்பாடா இருந்துட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் இஷ்டத்துக்கு சாப்பிடலாமா?"

இஷ்டத்துக்கு என்றால் எவ்வளவு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்று விடாமல் எழுதிப் பார்த்தேன். காலையில் பசியாற இரண்டு ரொட்டி சானாய் 600, தே தாரிக் 180. மத்தியானம் வாழையிலையில் சோறு, ஆட்டிறைச்சிப் பிரட்டல், காய்கறி, இரண்டு அப்பளம், பாயசம்: குறைத்துப் போட்டாலும் 1,100. நாலு மணிக்கு இரண்டு கறிபாப், சீனி போட்ட கோப்பி, 350. ராத்திரி மீ கோரிங்கும் மைலோ ஐஸும் 850. கூட்டினால் 3,080. எல்லாம் உத்தேச எண்கள்தான், கடைக்குக் கடை மாறும். ஆனால் இதில் எதுவுமே பெருந்தீனி இல்லை பாருங்கள். நம் ஊரில் சாதாரண ஞாயிற்றுக்கிழமைதான்.

இப்போது வாரத்தைக் கூட்டுவோம். ஆறு நாள் தினம் 400 மிச்சம் பிடித்தேன், 2,400. ஞாயிறு என் செலவைவிட 1,180 அதிகம். கழித்தால் 1,220. ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரிக்குச் சமம். ஆக அந்த வாரம் இறங்கியது 160 கிராம். ஏழு நாளும் 1,500இல் நின்றிருந்தால் 360 கிராம். ஒரே ஞாயிறு பாதிக்கு மேல் சாப்பிட்டுவிட்டது.

சனிக்கிழமையும் அதே போலப் போனால்? ஐந்து நாள் மிச்சம் 2,000, இரண்டு நாள் அதிகம் 2,360. எடை ஏறும். "வாரம் பூரா பட்டினி கிடக்கிறேன், ஒண்ணும் இறங்கல" என்று அழுகிறவர்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஐந்து நாள் நிஜமாகவே பசியோடுதான் இருந்திருப்பார்கள்.

5. "அப்போ விருந்து நாளே வேணாம்ங்கிறீங்களா?"

அப்படிச் சொன்னால் நானே கேட்கமாட்டேன். பதினாறு மாதமும் விருந்து நாள் வைத்துத்தான் இறக்கினேன். ஆனால் அதையும் புத்தகத்தில் எழுதினேன். விருந்து நாளுக்கும் ஒரு எண் உண்டு. எனக்கு அது 2,100, அதாவது வழக்கத்தைவிட 600 கூடுதல். ஆறு நாள் மிச்சம் 2,400, விருந்து நாளில் செலவுக்கு மேல் 200. மீதி 2,200. வாரத்துக்கு 285 கிராம் இறங்கும். விருந்தே இல்லாத வாரத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 75 கிராம்தான். வாழையிலைச் சாப்பாட்டுக்கு அந்த விலையை நான் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

எதைச் சாப்பிடப் போகிறோம் என்பதை முந்தின நாளே முடிவு செய்வது பெரிய உதவி. அப்படி உட்கார்ந்து யோசித்தபோதுதான் தெரிந்தது, ரொட்டி சானாய் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள் என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வைக்கும் ஆட்டிறைச்சிப் பிரட்டல்தான் எனக்கு விருந்து. ஆக, காலையில் ஒரு தோசையும் அவித்த முட்டையும், மத்தியானம் பிரட்டலோடு முழு இலைச் சாப்பாடு, இரவு ஒரு கிண்ணம் சூப். வயிறும் நிறைந்தது, எண்ணும் தாண்டவில்லை.

6. "ஒரு நாள் முழுக்கவா, ஒரு வேளை மட்டுமா?"

ஒரு வேளை. நாள் முழுக்க என்று வைத்தால் காலையில் விழித்ததிலிருந்து தூங்கும் வரை வாய் ஓய்வதில்லை, 4ஆம் பதிலில் பார்த்த 3,080 அப்படி வந்ததுதான். எத்தனை நாளைக்கு ஒரு தரம் என்று சேர்த்தே கேட்பார்கள்: வாரம் ஒன்று போதும். திருமணம், பெயர் சூட்டு விழா என்று வாரத்தில் ஏதாவது வந்தால் அதுவே அந்த வாரத்து விருந்து, ஞாயிறு தனியாக வராது.

7. "ரெண்டு பியர் குடிப்பேன். தண்ணிதானே, அதையும் எழுதணுமா?"

எழுத வேண்டும், அண்ணே. மதுவில் உள்ள ஆல்கஹால் கிராமுக்கு 7 கலோரி, கொழுப்புக்கு அடுத்தபடி. ஒரு டின் பியர் 130, 140 வரும். இரண்டு டின் என்றால் ஏறக்குறைய ஒரு ரொட்டி சானாய். பக்கத்தில் வைக்கும் வறுத்த கச்சானும் கோழி வறுவலும் அதைவிடப் பெரிய கணக்கு, அதை யாரும் என்னிடம் சொல்வதே இல்லை.

8. "நடுவுல ஒரு நாள் நல்லா சாப்பிட்டாத்தான் மெட்டபாலிசம் ஏறும்னு ஜிம்முல சொன்னாங்களே?"

முழுப் பொய் இல்லை, ஆனால் அதை வைத்து மூன்று பிளேட் பிரியாணிக்கு நியாயம் கேட்க முடியாது. குறைத்துச் சாப்பிடும்போது லெப்டின் என்கிற ஹார்மோன் குறையும், பசி கூடும், உடம்பு செலவைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும். ஒரு நாள் நிறையச் சாப்பிட்டால், அதிலும் மாவுச்சத்து சாப்பிட்டால், லெப்டின் ஏறத்தான் செய்யும். திரும்பக் குறைத்துச் சாப்பிட ஆரம்பித்ததும் அதுவும் இறங்கிவிடும். அந்த ஒரு நாளில் கூடுதலாக எரிகிற கலோரி, கூடுதலாகச் சாப்பிட்ட கலோரிக்கு ஈடாகாது.

இடைவெளி விடுவது பற்றி ஒரு நல்ல ஆய்வு உண்டு. ஆஸ்திரேலியாவில் உடல் பருமன் உள்ள 51 ஆண்களை வைத்துச் செய்தது, 2017இல் வெளியானது. ஒரு குழு பதினாறு வாரம் தொடர்ந்து குறைத்துச் சாப்பிட்டது. இன்னொரு குழு இரண்டு வாரம் குறைத்து, இரண்டு வாரம் இடைவெளி விட்டு, அதே பதினாறு வாரக் கட்டுப்பாட்டை நீட்டி முடித்தது. இடைவெளி விட்டவர்களுக்கே எடை அதிகம் இறங்கியது. ஜிம்மில் இதைச் சொல்கிறவர்கள் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் அவர்கள் சாப்பிட்டது உடம்பின் செலவுக்குச் சமமான அளவு. என் கணக்கில் அது 1,900. இஷ்டத்துக்கு இல்லை.

9. "ஞாயிறு விருந்து, திங்கள் காலையில ஏறிப் பார்த்தா ரெண்டு கிலோ கூடிடுச்சு! எல்லாம் போச்சாக்கா?"

அழுதுகொண்டே ஒரு தங்கச்சி அனுப்பிய குரல் பதிவு இது. ஒன்றும் போகவில்லை. இரண்டு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் உங்கள் செலவுக்கு மேல் 15,400 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். வழக்கமான சாப்பாடு எல்லாம் போக, அதற்கு மேலே ஐம்பத்தோரு ரொட்டி சானாய். சாப்பிட்டீர்களா?

ஏறியது பெரும்பாலும் தண்ணீர். சோறும் மாவும் உடம்பில் கிளைக்கோஜன் என்கிற சேமிப்பாகப் போகும், ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்துக்கொள்ளும். குறைத்துச் சாப்பிட்ட வாரத்தில் அந்தச் சேமிப்பு கரைந்திருக்கும், ஞாயிறன்று திரும்ப நிறைந்துவிட்டது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, சம்பல் ஆகியவற்றின் உப்பும் தண்ணீரைக் கட்டி வைக்கும். போதாததற்கு, நேற்றுச் சாப்பிட்டது இன்னும் வயிற்றிலேயே இருக்கிறது. மூன்று நான்கு நாளில் தானாக இறங்கும். என் யோசனை, திங்கட்கிழமை தராசு பக்கமே போகாதீர்கள். நான் வெள்ளிக்கிழமை காலை மட்டும் ஏறுகிறேன்.

10. "அப்போ அடுத்த நாள் பட்டினி கிடந்து சரிக்கட்டிடவா?"

வேண்டாம். விருந்துக்கு அடுத்த நாள்தான் நான் ஆரம்பத்தில் சறுக்கிய இடம். திங்கள் காலையும் மத்தியானமும் வெறும் தே ஓ கோசோங் குடித்துச் சமாளிப்பேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வரும் வழியில் கோரேங் பீசாங் வண்டி நிற்கும். அப்புறம் என்ன, ஒரு பை. செவ்வாய்க்கிழமை அதற்கும் சேர்த்துப் பட்டினி. இப்படி மூன்று வாரம் ஓடியது.

சரிக்கட்டுவதாக இருந்தால் விருந்துக்கு முன்னால் செய்யுங்கள், அதுவும் மெதுவாக. தீபாவளி வாரம் வருகிறதா, முந்தின ஆறு நாளும் தினம் 100 குறைத்தால் 600 கையில் இருக்கும். பசி தெரியாது. திங்கட்கிழமை எப்போதும் போல 1,500. ஓடித் தீர்க்கலாமா என்றும் கேட்பார்கள்: நடை நல்லது, விடாதீர்கள். ஆனால் என் எடைக்கு அரை மணி நேர வேக நடையில் எரிவது 130, 150தான். தே தாரிக் ஒன்றுக்கே போதாது.

11. "கல்யாண வீட்டுல எப்படிக் கணக்கு போடுறது? தராசையா தூக்கிட்டுப் போறது?"

கையே தராசு. என் மூடிய கை அளவு சோறு ஒரு கிண்ணம், 200. உள்ளங்கை அளவு இறைச்சி, எலும்பு நீக்கி, 150 முதல் 200. பிரட்டல், வறுவல் என்றால் எண்ணெய்க்காக இரண்டு மேசைக்கரண்டி, 240 சேர்த்துவிடுவேன். கடையிலோ மண்டபத்திலோ சமைப்பவர் எண்ணெயில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. உத்தேசமாக எழுதியதும் அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிப் போடுங்கள். நாம் எல்லோருமே குறைத்துத்தான் மதிப்பிடுகிறோம், கணக்கெழுதும் நானும் சேர்த்து.

அரசாங்க கிளினிக் சுவரில் 'சுக்கு சுக்கு செபாரோ' என்று தட்டுப் படம் ஒட்டியிருப்பார்களே, அது இலைக்கும் பொருந்தும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது இறைச்சி, பாதி காய்கறியும் பழமும். வாழையிலையில் மேல் பாதி ஏற்கெனவே காய்கறிக்குத்தான். அதை முதலில் காலி பண்ணிவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். (எங்கள் கூட்டத்துப் பெரியம்மா ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் சுக்குத் தண்ணீர் குடித்தார். தொண்டைக்கு நல்லது, எடைக்கு ஒன்றும் ஆகவில்லை.)

12. "தீபாவளிக்கு ஒரு நாள்னா சரி. ஒரு மாசம் பூரா திறந்த இல்ல உபசரிப்பு நடக்குதே?"

இதுதான் நிஜமான சிக்கல். தீபாவளி அன்று நீங்கள் என்ன சாப்பிட்டாலும் பரவாயில்லை என்றே சொல்வேன், அது வருடத்தில் ஒரு நாள். அதற்கு முன் பத்து நாள் முறுக்கு சுடும்போது உப்பு பார்க்கிறோம் என்று சாப்பிடுவது, அதற்குப் பின் டின் காலியாகும் வரை டிவி முன்னால் கொறிப்பது, வாராவாரம் யார் வீட்டிலாவது உபசரிப்பு: எடை அங்கேதான் ஏறுகிறது. முறுக்கு 100 கிராம் சுமார் 500 கலோரி. நெய் உருண்டை ஒன்று 100ஐத் தொடும். "ரெண்டே ரெண்டு" என்று நாலு வீட்டில் எடுத்தால் எட்டு.

அமெரிக்காவில் பண்டிகைக் கால எடையை அளந்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள், 195 பேர். ஆறு வாரத்தில் சராசரியாக ஏறியது 0.37 கிலோதான். பயந்த அளவுக்கு இல்லையே என்று தோன்றும். ஆனால் அந்த ஏற்றம் அடுத்த ஆண்டிலும் இறங்கவில்லை. இருபது தீபாவளி அப்படிப் போனால் ஏழு கிலோ. எனக்கு 82 வந்த கதையும் ஏறக்குறைய அதுதான்.

நான் செய்வது: உபசரிப்பு வாரத்துக்கு ஒன்று விருந்து, மற்ற வீடுகளில் ஒரு முறுக்கும் தண்ணீரும். டின்னை எங்கள் வீட்டு அலமாரியில் மேல் தட்டில் வைத்துவிட்டேன், நாற்காலி போட்டுத்தான் எடுக்க முடியும்.

13. "புரட்டாசி சைவம்தானே ஆன்ட்டி, அந்த மாசம் கணக்கு எழுத வேணாம் லா?"

சைவம் புண்ணியத்துக்கு. கலோரிக்கு அதில் சலுகை கிடையாது. சனிக்கிழமை படையலில் உளுந்து வடை, அப்பளம், சர்க்கரைப் பொங்கல், பாயசம், தேங்காய்ப்பால் ஊற்றிய குருமா. கோழிக் குழம்பை விடக் கூடத்தான் வரும். சைவ இறைச்சி என்று விற்பதையும் எண்ணெயில் பொரித்துத்தானே தருகிறார்கள். புரட்டாசி நாலு சனியையும் நாலு விருந்து வேளையாக எழுதிவிடுங்கள், ஞாயிறை விட்டுவிடுங்கள். தைப்பூச விரதம் இருப்பவர்களுக்கும் இதே பதில்.

14. "மாமியார் பரிமாறுறாங்க. வேணாம்னா கோவிச்சுக்கிறாங்க. என்னா பண்றது?"

இதற்குக் கணக்கில் பதில் இல்லை. நான் கண்டுபிடித்தது ஒன்றுதான்: "டயட்ல இருக்கேன்" என்று சொன்னால் சண்டை, "மறுசோறு அப்புறம் போட்டுக்கிறேன் அத்தை, குழம்பு நல்லா இருக்கு, கொஞ்சம் தாப்பாவ் பண்ணிக்கவா?" என்றால் சந்தோஷம். வீட்டுக்குக் கொண்டு வந்ததை மறுநாள் அளந்து சாப்பிடலாம். வாரம் ஒரு தடவை மாமியார் வீடு என்றால் அதுவே விருந்து வேளையாக இருக்கட்டும். பக்கத்து வீடே மாமியார் வீடு என்றால், தங்கச்சி, உன்னிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேச வேண்டும்.

15. "எனக்கு இனிப்பு நீர் இருக்கு, மாத்திரை சாப்பிடுறேன். நானும் விருந்து நாள் வைக்கலாமா?"

டாக்டரையோ கிளினிக்கில் உள்ள உணவியல் அதிகாரியையோ கேட்காமல் வேண்டாம். 2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் உண்டு, இந்தியர்களிடையே இன்னும் அதிகம். ஆகவே இந்தக் கேள்வி எங்கள் திடலில் வாராவாரம் வரும்.

ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒரே வேளையில் சோறும் பாயசமும் இனிப்பும் போனால் சர்க்கரை எகிறும். அது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது மற்றது: இன்சுலின் ஊசி, கிளிக்ளாசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் விருந்துக்காகச் சாப்பாட்டைக் குறைத்து 'மிச்சம்' பிடித்தால் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கி, மயக்கமே வரலாம். 10ஆம் பதிலில் சொன்ன முன்கூட்டிக் குறைக்கும் வழி உங்களுக்கு இல்லை. மருந்தின் அளவை நீங்களாகக் கூட்டிக் குறைக்கவும் வேண்டாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இந்தப் பக்கத்தை வைத்து எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

16. "மூணு வாரமா முள்ளு நகரவே இல்ல. விருந்து நாளை நிறுத்திடட்டுமா?"

முதலில் 555 புத்தகத்தைத் திறங்கள். விருந்து நாள் எழுதியிருக்கிறதா? என்னிடம் புத்தகம் காட்டியவர்களில் பலருக்கு திங்கள் முதல் சனி வரை முத்து முத்தான கையெழுத்து, ஞாயிறு மட்டும் வெள்ளைத் தாள். எழுதாத நாளும் கூட்டலில் உண்டு. எழுதியிருந்தால், 4ஆம் பதிலில் செய்தது போல வாரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஏழு நாள் மொத்தம் உங்கள் ஏழு நாள் செலவை நெருங்கினால் விடை கிடைத்துவிட்டது.

விருந்து சரியாக இருந்தும் நகரவில்லையா, சின்னச் சின்னதைப் பாருங்கள். தினம் இரண்டு தே தாரிக் 360. அதை 'குராங் மானிஸ்' என்று சொல்லி வாங்கினாலும் கெட்டிப்பால் உள்ளேதான் இருக்கிறது. நான் விருந்து நாளைக் காப்பாற்றிக்கொள்ள தே தாரிக்கை விட்டேன், எனக்கு அது நல்ல பேரம். சிலருக்கு அது தலைகீழாக இருக்கும், தினம் ஒரு தே தாரிக் வேண்டும், விருந்து வேண்டாம். அதுவும் சரிதான். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டித் தண்ணீர் கட்டுவதும் உண்டு, போன மாதம் அதே தேதியோடு ஒப்பிடுங்கள்.

17. "ஆரம்பிச்சா நிறுத்த முடியல. எல்லாரும் தூங்கினப்புறம் எழுந்து சாப்பிடுறேன். யாருக்கும் தெரியாது."

இதைக் கேட்டவர் நடை முடிந்து எல்லோரும் போன பிறகு மெதுவாகச் சொன்னார். அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன். உங்களுக்கு விருந்து நாளும் வேண்டாம், இப்போதைக்குக் கலோரிக் கணக்கும் வேண்டாம். பசி இல்லாமலே, வயிறு வலிக்கும் வரை, ஒளித்துச் சாப்பிட்டு, பிறகு வெட்கப்பட்டு அழுவது திரும்பத் திரும்ப நடந்தால் அதற்கு மருத்துவத்தில் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு. வாயில் விரல் விட்டு எடுப்பதோ பேதி மாத்திரை போடுவதோ சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் போக வேண்டும். அரசாங்க கிளினிக்கில் டாக்டரிடம் இப்போது என்னிடம் சொன்ன அதே வார்த்தையில் சொன்னால் போதும். தனியாகப் போக ஒரு மாதிரி இருந்தால் நான் கூட வருகிறேன். அவரோடு போனேன்.

18. "எடை இறங்கிட்டா அப்புறம் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுடலாமா?"

நான் போட்டுப் பார்த்தேன். 69 வந்த மாதமே. ஒன்று மறந்துவிட்டேன்: உடம்பு சிறிதாகிவிட்டால் அதன் செலவும் சிறிதாகிவிடும். 82 கிலோவில் 1,900 செலவழித்தவள் இப்போது 1,750 அளவுக்குத்தான் செலவழிக்கிறேன். பழைய 1,900ஐ 'சாதாரணச் சாப்பாடு' என்று நினைத்துக்கொண்டிருந்தால் மெதுவாக ஏறும். விருந்து வேளை இன்னும் உண்டு, ஆனால் 2,100 இல்லை, 2,000.

இப்போது தினமும் எழுதுவதில்லை. வெள்ளிக்கிழமை காலை தராசு, 71க்குக் கீழே இருந்தால் அந்த வாரம் புத்தகத்துக்கு விடுமுறை. தாண்டினால் இரண்டு வாரம் முழுக்க எழுதுவது என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட ஒப்பந்தம். போன வெள்ளி 71.3 காட்டியது. இரண்டு கல்யாணம், ஒரு காது குத்து. புத்தகம் மறுபடி சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது.